பழைய டிவி கேமை முதன்முறையாக ஆடப் போகிறீர்களா? வரிசை தப்பாமல் ஒரு முழு வழிகாட்டி

ஈஸ்டர் விடுமுறை. இசிபிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழா முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். அக்கா மகனுக்கு 13 வயது. சூப்பர் மரியோ பிரதர்ஸை அன்றைக்குத்தான் முதலில் தொடுகிறான். முதல் குழியிலேயே ஏழு தடவை விழுந்தான். "மாமா, நான் அமுக்கினதுக்கு அப்புறம் இவன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் குதிக்கிறான்" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் பையன் சொன்னதுதான் சரி, கோளாறு டிவியில் இருந்தது. ஒரு செட்டிங்கை மாற்றிக் கொடுத்தேன், அடுத்த தடவையே தாண்டிவிட்டான்.

பழைய ஆட்டங்களுக்கு வருகிற புதியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தடுக்கி விழுகிறார்கள். குறை டிவியிலோ அடாப்டரிலோ இருக்கும், பழி மட்டும் தன் கைமேல் அல்லது ஆட்டத்தின்மேல். அதனால் கீழே உள்ளதை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். ஸ்டார்ட் பொத்தானை அமுக்குவது பாதிக்குமேல்தான் வரும்.

1. எதில் ஆடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வழி மூன்று. ஒன்று, அலமாரியில் கிடக்கும் பழைய இயந்திரம். இரண்டு, கம்பெனிகளே திரும்ப வெளியிட்டவை: மினி கன்சோல்கள், நின்டெண்டோ சுவிட்ச் ஆன்லைன் சந்தா, தொகுப்பு ஆட்டங்கள். மூன்று, கணினியில் எமுலேட்டர், அதாவது பழைய இயந்திரம் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்.

முதல்முறை ஆடுபவருக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. பழைய இயந்திரத்தில் அடாப்டர், கேபிள், கேசட், கன்ட்ரோலர், டிவி என்று ஐந்து இடத்தில் கோளாறு வரலாம். இவற்றில் எது சரியில்லை என்று கண்டுபிடிக்க, எல்லாம் சரியாக இருந்தால் ஆட்டம் எப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது புதியவருக்குத் தெரியாது.

மினி கன்சோல்களில் ஆட்டங்கள் உள்ளேயே இருக்கும். 2016-இல் வந்த என்இஎஸ் (எண்பதுகளின் நின்டெண்டோ இயந்திரம்) மினியில் 30, 2017-இன் சூப்பர் நின்டெண்டோ மினியில் 21, 2019-இன் சேகா மெகா டிரைவ் மினியில் 42. எச்டிஎம்ஐ கேபிளும் யூஎஸ்பி மின்சாரமும் போதும். என்இஎஸ் மினியின் கன்ட்ரோலர் வயர் ரொம்பக் குட்டை, டிவிக்கு முன்னால் தரையில்தான் உட்கார வேண்டியிருக்கும். சோபா ஆசை இருந்தால் நீட்டிப்பு வயரும் சேர்த்து வாங்குங்கள். 2018-இன் பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் 20 ஆட்டங்கள், ஆனால் அவற்றில் சில 50 ஹெர்ட்ஸ் பதிப்பு. அதன் விவகாரம் 5-ஆம் பகுதியில்.

எமுலேட்டர் என்றால் ரெட்ரோஆர்ச் போன்ற ஒன்று போதும், இலவசம். ஆட்டக் கோப்புகளுக்குக் காப்புரிமை உண்டு, அதனால் "ஆயிரம் ஆட்டம் ஒரே சுருக்கக் கோப்பில்" என்று வருவதை இறக்காதீர்கள். அது சட்டப்படியும் தப்பு, பழகுவதற்கும் கெடுதல். ஆயிரம் இருந்தால் ஒன்றையும் ஐந்து நிமிடத்துக்குமேல் யாரும் ஆடுவதில்லை. காசு கொடுத்து முறையாக வாங்கக்கூடிய புது "பழைய ஆட்டங்கள்" உண்டு. 2019-இல் வந்த மைக்ரோ மேஜஸ் அசல் என்இஎஸ் இயந்திரத்துக்காகவே எழுதப்பட்டது, கோப்பாகவே விற்கிறார்கள்.

இங்கே தொண்ணூறுகளில் வளர்ந்தவர் வீடு என்றால், அலமாரியில் இருப்பது அநேகமாக கோல்டன் சைனா போன்ற டிவி கேமாக இருக்கும். அது ஃபேமிகாமின் (என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவம்) நகல், 60 முள் கேசட்தான் ஏற்கும். இணையத்தில் அமெரிக்க அல்லது ஐரோப்பிய என்இஎஸ் கேசட் வாங்கிவிடாதீர்கள், அதில் 72 முள், உள்ளேயே போகாது. கூடவே கிடைக்கும் "9999999 இன் 1" கேசட்டைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பத்து இருபது ஆட்டங்களையே வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கி, வெவ்வேறு பெயர் போட்டு எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

சிலுவை வடிவத் திசைப் பொத்தான் உள்ள, வயர் வைத்த கன்ட்ரோலர் ஒன்று. பழைய ஆட்டங்களுக்கு மேல், கீழ், இடம், வலம் என்ற நான்கு திசைதான் தெரியும். உருளும் குச்சியால் ஆடினால் வலது பக்கம் ஓடும்போது தெரியாமல் கீழேயும் சாய்ந்து, ஆள் குனிந்துவிடுவான்.

மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் மல்டிபிளக் ஒன்று. கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும்போதுதான் பழைய கருவிகள் சாகின்றன. லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டைப் பார்த்த வீட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு நோட்டுப்புத்தகம், பென்சில். எதற்கு என்று 8-ஆம் பகுதியில் தெரியும்.

பழைய இயந்திரம் வைத்திருப்பவர்கள் மட்டும் 90 சதவீதத்துக்குமேல் உள்ள ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக் குச்சிகளும் வாங்கிக்கொள்ளுங்கள். சர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம், எண்ணெய் கலந்திருந்தால் முள்ளில் படிந்துவிடும்.

3. அடாப்டரைப் படித்துவிட்டுச் செருகுங்கள்

மினி கன்சோல், எமுலேட்டர் ஆட்கள் நேராக 5-ஆம் பகுதிக்குப் போகலாம். பழைய இயந்திரக்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். ஏனென்றால் இங்கே செய்யும் தவறை மட்டும் திருப்ப முடியாது.

நானே ஒன்றைக் கொன்றிருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் பாசமாக ஒரு கன்சோல் கொடுத்து அனுப்பினார். முள் மாற்றும் பிளக் ஒன்றை மாட்டி, நம் சுவரின் மூன்று உருண்டைத் துளைக்குள் செருகினேன். டப் என்று ஒரு சத்தம், அப்புறம் பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை. அந்த அடாப்டர் 120 வோல்ட்டுக்கு, நம் சுவரில் 230. முள்ளை மாற்றும் பிளக் மின்னழுத்தத்தை மாற்றாது என்பது தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் தோன்றவில்லை.

வரிசை இதுதான். முதலில் இயந்திரத்தின் அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், மாறுமின்னோட்டமா (ஏசி), நேர்மின்னோட்டமா (டிசி)? அடுத்து அடாப்டரின் லேபிள். அதில் நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி பிறை போன்ற ஒரு வளைவு, இரு பக்கமும் கூட்டல் கழித்தல் குறி என்று ஒரு குட்டிப் படம் இருக்கும். நடுப் புள்ளியோடு கழித்தல் சேர்ந்திருந்தால் நடு எதிர்மின், கூட்டல் சேர்ந்திருந்தால் நடு நேர்மின். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடு நேர்மின். ஃபேமிகாமும் முதல் மாடல் மெகா டிரைவும் நடு எதிர்மின். இரண்டாம் மாடல் மெகா டிரைவோ நடு நேர்மின். ஒரே கம்பெனி, ஒரே பெயர், முனை மட்டும் தலைகீழ்.

இன்னொரு பொறி: என்இஎஸ்ஸின் அசல் அடாப்டர் 9 வோல்ட் ஏசி கொடுக்கும். அதை டிசி கேட்கும் ஃபேமிகாமிலோ முதல் மாடல் மெகா டிரைவிலோ செருகினால் உள்ளே கருகிவிடும். பிளக் பொருந்துகிறது என்பதை நம்பாதீர்கள்.

வோல்ட் சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் கேட்டதைவிடக் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது.

4. கேசட்டை ஊதாதீர்கள்

நம் தலைமுறை முழுக்க ஊதித்தான் ஆடியது. அது வேலை செய்ததாகத் தோன்றியதற்குக் காரணம், ஊதுவதற்காக வெளியே எடுத்துத் திரும்பச் செருகியதுதான். வாயின் ஈரம் முள்ளில் பட்டு நாளடைவில் அரித்துவிடும். டர்பன் போன்ற கடலோர ஊரின் உப்புக் காற்று ஏற்கெனவே போதுமான சேதம் செய்திருக்கும், நாமும் சேர வேண்டாம்.

பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் லேசாக நனையுங்கள், சொட்டக் கூடாது. முள்ளின் நீளவாக்கில் மேலும் கீழும் தேயுங்கள். முதல் குச்சி கறுப்பாக வரும், இரண்டாவது சாம்பல் நிறத்தில் வரும். வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். பத்து நிமிடம் காயவிடுங்கள். அப்புறம் மின்சாரம் இல்லாத நிலையில் கேசட்டை நாலைந்து தடவை செருகி எடுங்கள், இயந்திரத்தின் உள்முள்ளும் கொஞ்சம் துலங்கும். அதன்பிறகுதான் பவர்.

5. டிவியை ஒழுங்கு செய்யாமல் ஆட்டத்தைத் தொடாதீர்கள்

ஒரு மாலை முழுக்கப் போனாலும் பரவாயில்லை, இதை முடித்துவிட்டு நகருங்கள்.

முதலில் கேம் மோட். இன்றைய டிவி ஒவ்வொரு படத்தையும் வாங்கி, மெருகேற்றி, பிறகுதான் திரையில் காட்டும். படம் பார்க்கும்போது அந்தத் தாமதம் தெரியாது. ஓடிவரும் குழியைத் தாண்டும்போது தெரியும். படச் செட்டிங்கில் கேம் மோடை இயக்குங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி, இரைச்சல் நீக்கி எல்லாவற்றையும் அணையுங்கள். பல டிவிகளில் ஒவ்வொரு நுழைவாய்க்கும் செட்டிங் தனி. எச்டிஎம்ஐ 1-இல் போட்டது எச்டிஎம்ஐ 2-க்குச் செல்லாது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

தாமதம் இருக்கிறதா என்று சந்தேகமா? கைபேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவியக்க வீடியோ இருந்தால், கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வைத்து ஒரு குதியைப் படமெடுங்கள். பொத்தான் அமுங்கிய படத்திலிருந்து, ஆள் தரையைவிட்டு எழும்பும் படம்வரை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணுங்கள். ஒவ்வொரு படமும் சுமார் 4 மில்லிவிநாடி. எண்ணிக்கை 25-ஐத் தாண்டினால் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குமேல் தாமதம் என்று அர்த்தம், எங்கோ ஒரு செட்டிங் பாக்கி இருக்கிறது.

ரெட்ரோஆர்ச்சில் ஆடுபவர்கள் லேட்டன்சி (தாமதம்) மெனுவில் ரன்-அஹெட் என்ற தாமதக் குறைப்பு வசதியை ஒரு பிரேமுக்கு (ஒரு படத்துக்கு) வைத்துப் பாருங்கள். அதிகமாக ஏற்றாதீர்கள், படம் துள்ளும்.

இரண்டாவது, படத்தின் அகலம். இந்த ஆட்டங்கள் 4:3 திரைக்கு வரையப்பட்டவை. டிவி தானாக இழுத்து 16:9 ஆக்கினால் மரியோ குண்டாகிவிடுவான், தூரக் கணக்கும் கண்ணை ஏமாற்றும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி.

மூன்றாவது, 50 ஹெர்ட்ஸா 60-ஆ என்பது. நம் நாட்டின் டிவி முறைக்குப் பால் (PAL) என்று பெயர், படம் விநாடிக்கு 50 தடவை வரும். ஆட்டங்களில் பெரும்பாலானவை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60-க்காக எழுதப்பட்டவை. ஒழுங்காக மாற்றி எழுதாத பால் பதிப்பு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், மேலும் கீழும் பட்டை விழும். முதல் சோனிக் ஆட்டத்தின் பாட்டை இரண்டு பதிப்பிலும் கேட்டால் உடனே தெரியும். தேர்ந்தெடுக்க வசதி இருக்கும் இடத்தில் அமெரிக்கப் பதிப்பையே எடுங்கள். இதில் ஒரு வேடிக்கை. என் அண்ணன் சிறுவயதில் ஆடியதெல்லாம் மெதுவான பதிப்பு. 60-இல் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "என்னடா, இவனுக்கு யாரோ சூடு போட்ட மாதிரி ஓடுறான்!" என்கிறார். பழைய நினைவோடு பக்கத்தில் உட்காரும் பெரியவர்கள் இப்படிச் சொன்னால் அதை வைத்து வேகத்தைக் குறைக்காதீர்கள்.

பழைய இயந்திரத்தைப் புது டிவியில் மாட்டுபவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி கேபிள் என்றால், சில டிவிகளில் மஞ்சளுக்குத் தனித் துளை இருக்காது, பச்சைத் துளையே இரண்டு வேலையும் பார்க்கும். அதில் செருகிவிட்டு மெனுவில் ஏவி என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையில் வரும். ஆன்டெனா வயர் மட்டும் உள்ள டிவி கேம் என்றால், கேசட்டைப் போட்டு இயந்திரத்தை ஓடவிட்டபடியே டிவியில் அனலாக் சேனல் தேடலைத் தொடங்குங்கள். இயந்திரம் அணைந்திருந்தால் தேடலுக்கு எதுவும் சிக்காது. நிறையப் பேர் தலைகீழாகச் செய்துவிட்டு, கருவி செத்துப்போச்சு என்று தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

மலிவான ஏவி-எச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டிகள் படத்தைத் தரும், கூடவே தாமதத்தையும் தரும். முடிந்தால் யாராவது தூக்கிப் போட இருக்கும் பழைய டப்பா டிவி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரையை நோக்கிச் சுடும் பொம்மைத் துப்பாக்கியோடு வரும் ஆட்டம் ஆட வேண்டுமென்றால் அது இல்லாமல் முடியவே முடியாது, அந்தத் துப்பாக்கிகள் தட்டை டிவியில் வேலை செய்யாது. ஆனால் டப்பா டிவியின் பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை எடுக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

6. கையேட்டைப் படியுங்கள்

இன்றைய ஆட்டம் திரையிலேயே கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கும். பழைய ஆட்டத்தில் அதற்கு இடமில்லை. சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது, அதில் 32 கட்டங்கள். கதையும் பொத்தான் விளக்கமும் காகிதப் புத்தகத்துக்குப் போய்விட்டன. என்இஎஸ்ஸின் முதல் செல்டாவைக் கையேடு இல்லாமல் தொடங்கினால், எங்கே போவது என்று தெரியாமல் அரைமணி நேரம் காட்டில் சுற்றிவிட்டு விட்டுவிடுவீர்கள். வருடிய கையேடுகள் இணைய ஆவணக் காப்பகத்தில் நிறையக் கிடைக்கின்றன. பத்து நிமிடம் செலவழித்துப் படியுங்கள்.

7. கட்டைவிரலைப் படுக்க வையுங்கள்

புதியவர்கள் கட்டைவிரலை நிறுத்தி வைத்து, ஏ, பி என்று கொத்துவார்கள். மரியோவில் பி அமுக்கியிருந்தால்தான் ஓட்டம், ஏ அமுக்கினால் குதி. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். கட்டைவிரலைக் குறுக்காகப் படுக்க வையுங்கள். நுனி பி மேல் எப்போதும் அமுங்கியிருக்கட்டும். குதிக்கும்போது விரலின் நடுமூட்டைச் சாய்த்தால் அது ஏ மேல் விழும். முதலில் விரல் வலிக்கும். எதிரி இல்லாத இடத்தில் ஐந்து நிமிடம் ஓடிக் குதித்துப் பழகுங்கள். ஏ-யை எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்களோ அவ்வளவு உயரம் என்பதையும் அப்போதே கவனியுங்கள்.

பிளேஸ்டேஷனின் ஜப்பானியப் பதிப்புகளில் வட்டப் பொத்தான் 'சரி' என்பதற்கு, பெருக்கல் பொத்தான் 'ரத்து' என்பதற்கு. மேற்கத்திய பதிப்புகளில் பெருக்கல்தான் 'சரி'. மெனுவில் போன வேகத்தில் திரும்பி வந்தால் காரணம் இது.

8. எதிலிருந்து தொடங்குவது, எப்படிச் சேமிப்பது

சூப்பர் மரியோ வேர்ல்ட், சோனிக் 2, டெட்ரிஸ். இந்த மூன்றில் ஒன்று முதல் மாலைக்கு. இரண்டு பேர் என்றால் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2. கொஞ்சம் பழகியபின் சூப்பர் நின்டெண்டோவின் செல்டா, க்ரோனோ ட்ரிக்கர். பேட்டில்டோட்ஸ், கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் இரண்டையும் "பேர் பெற்ற ஆட்டமாச்சே" என்று முதலில் எடுக்காதீர்கள், அவை நீச்சல் தெரியாதவனைக் கடலில் தள்ளுகிற ரகம்.

மினியிலும் எமுலேட்டரிலும் நினைத்த இடத்தில் சேமிக்கலாம், சிலவற்றில் பின்னோக்கியும் சுற்றலாம். ஒவ்வொரு குதிக்கும் பின்னால் சுற்றினால் கைக்கு எதுவும் பழகாது. எங்கள் வீட்டு விதி: கட்டம் முடிந்தால் சேமிப்பு, நடுவில் கிடையாது. வேலைக்குப் போய் வந்து அரைமணி நேரம் ஆடுகிற பெரியவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

பழைய ஆட்டங்களின் சொந்த வழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். சூப்பர் மரியோ பிரதர்ஸில் எல்லா உயிரும் போய்விட்டால், தலைப்புத் திரையில் ஏ-யைப் பிடித்தபடி ஸ்டார்ட் அமுக்கினால் அதே உலகின் தொடக்கத்துக்குப் போகலாம். கான்ட்ராவின் தலைப்புத் திரையில் மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ ஸ்டார்ட் என்று அமுக்கினால் 30 உயிர். ஏமாற்று என்று கூச்சப்படாதீர்கள், அது இல்லாமல் முடித்தவர் குறைவு.

மெட்ராய்டு போன்றவை 24 எழுத்துக் கடவுச்சொல் தரும். நோட்டுப்புத்தகம் அதற்குத்தான். பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் வேறுபடுத்தி எழுதுங்கள், பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். கைபேசியில் படமெடுத்தால் மங்கலான திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

பேட்டரி உள்ள கேசட்டுகளில் அசல் செல்டா போன்றவற்றை அணைக்கும்போது ரீசெட்டைப் பிடித்தபடி பவரை அணைக்க வேண்டும், இல்லையேல் சேமித்தது கெடலாம். சேமித்தும் மறுநாள் காணோம் என்றால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்ற சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளேஸ்டேஷன் மெமரி கார்டில் 15 சேமிப்பு இடங்கள்தான். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சேமிப்பு அழியலாம். மின்வெட்டு அட்டவணை இருக்கும் வாரத்தில் நேரத்தைப் பார்த்து, பத்து நிமிடம் முன்பே சேமித்து அணைத்துவிடுங்கள்.

9. ஆட முடியவில்லை என்றால் பார்க்க வேண்டிய வரிசை

ஒரே இடத்தில் பத்து தடவைக்குமேல் விழுகிறீர்களா? முதலில் கேம் மோட் இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள், சில டிவி தானாகவே மாற்றிக்கொள்ளும். அடுத்து கன்ட்ரோலரை வேறொன்றாக மாற்றிப் பாருங்கள். அதற்கடுத்து கையேட்டில் விட்டுப்போன பொத்தான் ஏதாவது உண்டா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் அணைத்துவிட்டு நாளைக்கு ஆடுங்கள். ராத்திரி தாண்ட முடியாத இடத்தைக் காலையில் முதல் தடவையே தாண்டுவது இந்த ஆட்டங்களில் சகஜம்.

இப்படி ஒரு ஆட்டத்தை முடித்தபின் அலமாரியில் இருக்கும் பழைய இயந்திரத்தை எடுங்கள். இந்தத் தடவை அது சரியாக ஓடுகிறதா என்று உங்கள் கட்டைவிரலே சொல்லிவிடும். எடுத்ததும் முதல் வேலை, அடியில் உள்ள லேபிளைப் படிப்பது.